வெறும் வாயை மெல்லும் எலி

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், காலை நேரம். லயத்து வீட்டு வாசல். நாற்காலியில் ஒரு பெரியவர், முகம் மட்டும் அருகில்.]

வணக்கம். இது எங்க பெரியம்மா. முப்பது வருஷம் பால்மரம் சீவினவங்க. அவங்களைக் கேட்டுட்டுத்தான் இதைப் படம் பிடிச்சேன். வாயைக் கவனிங்க. தாடை அசைபோடுது, நாக்கு எட்டிப் பார்த்துட்டு உள்ளே போகுது. வாய்க்குள்ள ஒண்ணுமே இல்ல.

வெத்தலை போட்டிருக்காங்கன்னு சிலர் நினைச்சாங்க. காத்துக் கருப்புன்னும் ஒருத்தர் சொன்னார். ரெண்டும் இல்ல. மனநோய்க்காகப் பல வருஷமா மாசாமாசம் போட்டுக்கிற ஊசியால வந்தது இது. பேரு டார்டிவ் டிஸ்கினீசியா. மருந்து தொடங்கி ரொம்ப நாள் கழிச்சு, நாம நினைக்காமலே தானா வர்ற அசைவு.

[காட்சி: கூண்டில் ஒரு வெள்ளை எலி.]

இதே அசைவை ஆய்வுக்கூடத்துல எலிக்கு வரவழைச்சு, எண்ணிப் பார்க்கிறாங்க. எப்படின்னு பார்ப்போம்.

ஹாலோபெரிடால்னு மனநோய்க்கு ஒரு மருந்து. 1958-ல பெல்ஜியத்துல பால் யான்சனோட ஆய்வுக்கூடத்துல உருவானது. மூளையில நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோற டோபமின்னு ஒரு பொருள் இருக்கு. அது போய் உட்கார வேண்டிய இடங்களான டி2 ஏற்பிகள்ல இந்த மருந்து முந்திக்கிட்டுப் போய் உட்கார்ந்துக்கும். மனநோயால காதுல கேட்கிற இல்லாத குரல் அடங்கும். ஆனா கைகால் அசைவை நடத்துறதும் அதே டோபமின்தான். ஏற்பிகள்ல ஏறக்குறைய 80 விழுக்காடு அடைபட்டா, உடம்பு இறுக ஆரம்பிக்குது.

அந்த இறுக்கத்தை அளக்க ஒரு கம்பி போதும். தரையிலேருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயரம். எலியோட முன்னங்கால் ரெண்டையும் தூக்கி அதுமேல வைப்பாங்க. மருந்து போடாத எலி உடனே இறங்கி ஓடிடும். மருந்து ஏறின எலி வெச்சது வெச்சபடி நிக்கும். தூங்கல, கண் திறந்துதான் இருக்கு. கால் கீழே வர்ற வரைக்கும் ஸ்டாப்வாட்ச் ஓடும். குளோசபின்னு இன்னொரு மனநோய் மருந்து கொடுத்த எலி இப்படி உறைஞ்சு நிக்கிறதில்ல. மனுஷங்களுக்கும் அந்த மருந்துல இறுக்கம் ரொம்பக் குறைவு. புது மருந்து ஒண்ணு உடம்பை இறுக்குமான்னு இந்தக் கம்பி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

[காட்சி: எலியின் வாய், மிக அருகில்.]

பெரியம்மாவோட கதை வேற. அது ஒரே நாள்ல வர்றதில்ல. அதனால எலிக்கும் நீண்ட நாள் ஊசி. நல்லெண்ணெயில கரைச்ச ஹாலோபெரிடால் டெக்கனோவேட், சதையில போட்டா வாரக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். மனுஷங்களுக்குப் போடுறதும் இதேதான். மாசங்கள் போகப் போக, சில எலிகள் இரையே இல்லாம மெல்லத் தொடங்கும். வெறும் வாயை மெல்லுறதுன்னு நாம பேச்சுக்குச் சொல்றதை அங்கே உட்கார்ந்து எண்ணுறாங்க: இத்தனை நிமிஷத்துல இத்தனை தடவை. எண்ணுறவருக்கு எந்த எலிக்கு மருந்து, எதுக்கு வெறும் எண்ணெய்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா கண்ணு தானா கூட்டி எண்ணும்.

எல்லா எலிக்கும் இது வர்றதில்ல. அளவு ஒண்ணு, நாள் ஒண்ணு, இருந்தும் சிலது தப்பிச்சுக்குது. ஒரே ஊசி போட்டுக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் ஒண்ணும் இல்லன்னு எங்க வீட்டுல கேட்காத நாள் இல்ல. அதே கேள்விதான் அங்கேயும்.

டோபமின் நரம்புகள் அழியுற பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற லெவோடோபா மருந்தும் நாளடைவுல உடம்பை முறுக்கும். அதை எலிக்கு வரவழைச்சுப் பார்க்க, எலியை மயக்கத்துல வெச்சு, மூளையோட ஒரு பக்கத்துல மட்டும் டோபமின் நரம்புகளை அழிச்சுட்டு, தினமும் லெவோடோபா கொடுப்பாங்க. மனசுக்குக் கஷ்டமான வேலை. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாம செய்ய முடியாது. சுவீடன்ல ஏஞ்சலா சென்ச்சி குழு 1998-ல அதுக்கு ஒரு மதிப்பெண் முறை கொடுத்தாங்க. உடல் திருகுதா, முன்னங்கால் உதறுதா, வாய் மெல்லுதான்னு பார்த்து, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 வரை. 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? கூண்டைத் தட்டினா அசைவு ஒரு கணம் நின்னா 3. தட்டியும் நிக்கலைன்னா 4.

[காட்சி: மறுபடி பெரியம்மா.]

ஊசியை நீங்களா நிறுத்திடாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அசைவும் கூடலாம், பழைய நோயும் திரும்பலாம். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடை மாசக்கணக்கா சாப்பிட்டாலும் இது வரலாம். 2017-ல வால்பெனசின், டியூடெட்ராபெனசின்னு இதுக்கே ரெண்டு மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. உங்களுக்கு எது ஒத்து வரும்னு டாக்டர்கிட்டதான் கேட்கணும்.

போன மாசம் பெரியம்மாவைக் காட்டப் போனேன். மனுஷங்களுக்கான அளவுகோல் 1976-லேருந்தே இருக்கு, அதுலயும் 0 முதல் 4 வரைதான். டாக்டர் செருப்பைக் கழட்டச் சொன்னாங்க. கட்டை விரலால மத்த விரல்களை ஒவ்வொண்ணா வேகமா தொடச் சொன்னாங்க. கவனம் விரலுக்குப் போனதும் தாடை இன்னும் வேகமா ஆடுச்சு. அதை எழுதிக்கிட்டாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி அவங்க கேட்ட முதல் கேள்வி, "அம்மா, வாயில ஏதும் வெச்சிருக்கீங்களா?"

பெரியம்மா வாயைத் திறந்து காட்டினாங்க.