பலவீனம் என்ன என்று கேட்டால்

நண்பர்களே, நேர்காணலில் ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டதும் பலருக்கும் ஒரே பதில்தான் வாயில் வருகிறது. ‘எதையும் கச்சிதமாகச் செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், அதுதான் சார் என் பலவீனம்.’ இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். குறை வேடம் போட்டு வந்த பெருமை என்று உடனே புரிந்துகொள்வார்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் நிஜமான திறமையின் மேலும் சந்தேகம் விழும். எனக்கு வருத்தமே அதில்தான்.

சரி, உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடாதா? நியாயமான பயம். 1966-இல் எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். வினாடி வினா அணிக்கு ஆள் எடுப்பது போன்ற ஒலிப்பதிவுகளை மாணவர்களிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள். ஒருவர் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லிவிட்டு, கடைசியில் காபியை மேலே கொட்டிக்கொள்கிறார். கொட்டாத பதிவைக் கேட்டவர்களைவிட, இதைக் கேட்டவர்களுக்கு அவரை அதிகமாகப் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவரும் அதேபோலக் கொட்டிக்கொண்டார். அவரைப் பிடிப்பது குறைந்தது.

காபி கொட்டுவதும் வேலையில் இருக்கும் குறையும் ஒன்றல்லதான். ஆனாலும் அந்தச் சுமாரானவரை மறந்துவிடாதீர்கள். உங்களால் என்ன முடியும் என்பது முதலில் அவர்கள் மனதில் பதிய வேண்டும். குறையைச் சொல்வது அதற்குப் பிறகு.

எப்படிச் சொல்வது? ‘ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் குறைத்துச் சொல்லிவிடுவேன். இரண்டு முறை கெடு தவறியது. இப்போது பழைய வேலைகளுக்கு உண்மையில் எத்தனை நாள் பிடித்தது என்ற குறிப்பைப் பார்க்காமல் தேதி கொடுப்பதில்லை. அவசரத்தில் இன்னமும் சில சமயம் சறுக்குகிறேன்.’ அந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். முழுசாகத் திருந்திவிட்டேன் என்று முடித்தால் மறுபடி வேடம்தான். அதற்காக வீட்டுக் கவலை, உடல்நிலை எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. கேள்வி வேலையைப் பற்றியது.

எண்களில் கவனம் நிற்காத ஒருவர் கணக்குப் பிரிவு வேலைக்குப் போகிறார் என்றால், அவர் யோசிக்க வேண்டியது பதிலைப் பற்றி அல்ல, அந்த வேலையைப் பற்றி. மறைத்து உள்ளே போனால் தினம் தினம் அவதிப்படப்போவது அவர்தான்.

இன்னொன்று. நல்ல நேர்காணலில் அடுத்த கேள்வி பெரும்பாலும் இப்படி வரும்: ‘கடைசியாக எப்போது அப்படி ஆனது?’ உண்மையைச் சொன்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நடந்ததைச் சொல்லத் தொடங்குவார்.