வேலைப் பயணத்தில் ஓட்டப்பயிற்சி: எதைக் குறைக்கலாம், எதை விடக் கூடாது

[திரையில்: ஒரு வாரப் பயிற்சி அட்டவணை. செவ்வாய் முதல் வெள்ளி வரை ‘பயணம்’ என்ற குறிப்பு.]

வணக்கம். மாரத்தானுக்கோ அரை மாரத்தானுக்கோ தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஓட வேண்டும் என்கிறது அட்டவணை. நடுவில் அலுவலக வேலையாக நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது அட்டவணையில் உள்ள கிலோமீட்டர்களை ஓடித் தீர்த்துவிடப் பார்க்கிறார்கள். வேறு சிலர் ஷூவைக்கூட எடுத்துவைக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. பயண வாரத்தில் தூரத்தைத் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம். வேக ஓட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சிலருக்கு வாரத்தில் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரங்கள் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு 15 வாரங்களுக்குப் பயிற்சியைக் குறைத்துப் பார்த்தார்கள். 1981இல் வெளியான ஆய்வில் 6 நாளை 4 ஆகவும் 2 ஆகவும் குறைத்தார்கள். 1982இல் வெளியானதில் 40 நிமிடத்தை 26 ஆகவும் 13 ஆகவும் குறைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், அதாவது ஓட்டக்காரர்கள் விஓ2 மேக்ஸ் என்று சொல்வது, இரண்டு ஆய்விலும் ஏறக்குறைய அப்படியே நின்றது.

மூன்றாவது ஆய்வு 1985இல் வெளிவந்தது. அதில் நாள்களையும் நிமிடங்களையும் தொடவில்லை. கடுமையை மட்டும் குறைத்தார்கள். அப்போது அந்தத் திறன் சரிந்தது. பயணத்தில் நாம் வழக்கமாகச் செய்வதை நினைத்துப் பாருங்கள். நேரம் கிடைத்தால் மெதுவாக ஒரு ஓட்டம் ஓடிவிட்டு, வேகப் பயிற்சியை ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அதாவது, விடக் கூடாததை விட்டுவிடுகிறோம்.

[திரையில்: சரியும் கோடு. 21 நாள் என்ற இடத்தில் ஒரு புள்ளி.]

சரி, நான்கு நாளும் ஓடவே முடியாமல் போனால்? 1984இல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்கு பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை முழுவதும் நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். முதல் 21 நாளில் விஓ2 மேக்ஸ் சுமார் 7 சதவீதம் குறைந்தது. மூன்று வாரம் சும்மா இருந்ததற்கு அவ்வளவுதான். நான்கு நாளுக்காகப் பதற வேண்டியதே இல்லை. மாதம் முழுக்கப் பயணத்திலேயே இருப்பவர்கள்தான் இதில் உண்மையாகவே கவனமாக இருக்க வேண்டும்.

இனி, நாள்களை எப்படி அடுக்குவது என்று பார்ப்போம். பயணம் முன்கூட்டியே தெரிந்தால், பயிற்சித் திட்டத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரும் ஓய்வு வாரத்தை அங்கே நகர்த்திவிடுங்கள். நீண்ட ஓட்டத்தைக் கிளம்புவதற்கு முந்தைய வார இறுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தெரியாத ஊரில் இரண்டரை மணி நேரம் ஓட வழி தேடுவது வீண் அலைச்சல்.

போய்ச் சேர்ந்த அன்று கடுமையாக எதுவும் வேண்டாம். விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். மணிக்கணக்கில் மடக்கியே வைத்திருந்த கால்களில் கெண்டைச் சதை இறுகிப்போயிருக்கும். பத்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்துவிட்டு, இருபது நிமிடம் மெதுவாக ஓடினால் போதும்.

மறுநாள் காலையிலும் வேக ஓட்டத்தை வைக்காதீர்கள். புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு காரணத்தை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது: ஆழ்ந்த உறக்கத்திலும் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருக்கிறது. இரண்டாம் இரவு இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆகவே வேக ஓட்டத்துக்கு ஏற்ற நேரம் மூன்றாம் நாள் காலை. அன்றும் இரவில் விருந்து நீண்டு, நான்கு மணி நேரமே தூங்கியிருந்தால் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். மாலையில் ஓடிக்கொள்ளலாம். தூக்கத்தை வெட்டி ஓடும் ஓட்டத்தால் உடம்புக்குக் கிடைப்பது குறைவு என்று உறுதியாக நம்புகிறேன்.

[திரையில்: ஹோட்டல் உடற்பயிற்சி அறையில் ஒரு டிரெட்மில்.]

அந்த வேக ஓட்டத்துக்கு டிரெட்மில்லே தோதானது. தெருவிளக்கு, சிக்னல், தெரியாத திருப்பம் என்று எதுவும் குறுக்கிடாது. சாய்வை 1 சதவீதத்தில் வையுங்கள். வெளியில் எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடச் செலவாகும் ஆற்றலை அந்தச் சாய்வு ஈடுசெய்கிறது என்று 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் காட்டினார்கள். முதல் 10 நிமிடம் மெதுவாக. பிறகு 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவோட்டம்; இதை 4 முறை. கடைசி 5 நிமிடம் தளர்வாக. மொத்தம் 35 நிமிடம்.

எவ்வளவு வேகம்? திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எல்லா இயந்திரமும் சரியாக அளவிடப்பட்டிருக்காது. மூன்றாவது நிமிடத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அதுதான் சரியான வேகம். அறைக்குள் காற்றோட்டம் இல்லாததால் வியர்த்துக் கொட்டும். துண்டும் தண்ணீரும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டிரெட்மில் இல்லாத இடத்தில் மாடிப்படி இருக்கும். ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள்.

மற்ற நாள்களில் வெளியே போங்கள். வரவேற்பறையில் இருப்பவரிடம் பக்கத்தில் பூங்காவோ ஆற்றங்கரையோ இருக்கிறதா என்று கேளுங்கள். தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து ஓடுங்கள்: 15 நிமிடம் போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் கடிகாரம் காட்டும் வேகம் தாறுமாறாக இருக்கும். நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளை எதிர்கொண்டவாறு ஓடுங்கள். தங்கும் இடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீரும் நேரத்தைக் கணிக்க முடியாது. வெப்பம் அதிகமான ஊரென்றால் வழக்கமான வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். உடல் வெப்பத்துக்குப் பழகச் சுமார் இரண்டு வாரம் ஆகும்.

நேர மண்டலங்களைக் கடந்து போகிறவர்களுக்கு வெளியே ஓடுவதால் இன்னொரு பயனும் உண்டு. நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் நாளை நீட்டும் மேற்குப் பயணம் எளிது; நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணம் சிரமம். சில மண்டலங்கள் மட்டும் கிழக்கே போனால் காலை வெளிச்சத்திலும், மேற்கே போனால் மாலை வெளிச்சத்திலும் ஓடுங்கள். அந்த வெளிச்சம் கடிகாரத்தைப் புதிய நேரத்துக்கு நகர்த்த உதவும்.

ஷூவை மட்டும் சரக்கில் போடும் பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டி வந்து சேராவிட்டால் துணிமணியை எந்த ஊரிலும் வாங்கிவிடலாம். காலுக்குப் பழகிய ஷூவை வாங்க முடியாது. காலில் போட்டுக்கொண்டே பயணம் செய்யுங்கள்.

[திரையில்: அடுத்த வாரத்தின் அட்டவணை.]

ஊர் திரும்பியதும் விட்டுப்போன கிலோமீட்டர்களைச் சேர்த்து ஓடும் ஆசை வரும். பலருக்கும் காயம் வருவது அப்போதுதான். சனிக்கிழமை மெதுவாக முக்கால் மணி நேரம் ஓடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உடம்பு கனமாக இருந்தால் நீண்ட ஓட்டத்தைத் திங்களுக்கோ செவ்வாய்க்கோ தள்ளிவையுங்கள். அந்த வாரத்தின் மொத்தத் தூரம் அட்டவணையில் உள்ளதைத் தாண்ட வேண்டாம்.