99 நாள் ஓடிய கப்பல் 28 நிமிடத்தில் தோற்றது எப்படி?

1866 செப்டம்பர் 6, காலை எட்டு மணி. இங்கிலாந்தின் டீல் கரைக்கு எதிரே ஏரியல் என்ற பாய்மரக் கப்பல் கொடிகளை ஏற்றித் தன் பெயரைச் சொல்கிறது. பத்தே நிமிடத்தில் டெய்பிங் என்ற கப்பலும் வந்து கொடி ஏற்றுகிறது. இரண்டும் சீனாவின் ஃபூசௌவிலிருந்து தேயிலை ஏற்றி வந்தவை. 99 நாள், 14,000 மைலுக்கு மேல் கடல், வித்தியாசம் பத்து நிமிடம்! ஆனால் லண்டன் துறைக்குள் முதலில் நுழைந்தது ஏரியல் இல்லை. ஏன்? கடைசி வரை பாருங்கள்.

பின்னணி சுருக்கமாக: வெளிநாட்டுக் கப்பல்கள் சரக்குக் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்திய பழைய கடல் வணிகச் சட்டங்களை 1849இல் பிரிட்டன் நீக்கியது. மறு ஆண்டே ஓரியண்டல் என்ற அமெரிக்கக் கப்பல் ஹாங்காங்கிலிருந்து 97 நாளில் தேயிலையோடு லண்டன் வந்து சேர, பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விட்டது. அதிலிருந்து ஒரே வேகப் போட்டி.

இந்தக் கப்பல்களுக்குக் கிளிப்பர் என்று பெயர். பழைய சரக்குக் கப்பலின் முகப்பு அண்டா மாதிரி உருண்டையாக இருக்கும். கிளிப்பருக்கோ கூர்மையான முகப்பு, ஒடுங்கிய உடல். ஏரியலின் நீளம் 197 அடி, அகலம் வெறும் 34 அடி. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கட்டுமானம்தான். சட்டகம் இரும்பு, மேலே மரப்பலகை, அதற்கும் வெளியே செம்புக் கலவைத் தகடு. சிப்பியும் பாசியும் ஒட்டினால் வேகம் போய்விடும், அதைத் தடுக்கத்தான் தகடு. ஆனால் உப்புநீரில் செம்பு இரும்பைத் தொட்டால் இரும்பு அரித்துப்போகும். அதனால் நடுவில் மரம்! இரும்புச் சட்டகம் மரச் சட்டகத்தைவிட மெல்லியது என்பதால் தேயிலைக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. ஏரியல் ஏற்றி வந்தது ஏறக்குறைய ஐந்தரை லட்சம் கிலோ.

சரி, பந்தயத்துக்கு வருவோம். புதுத் தேயிலையோடு முதலில் வரும் கப்பலுக்கு டன்னுக்குப் பத்து ஷில்லிங் கூடுதல் கூலி. ஃபூசௌவில் முதலில் சரக்கேற்றி முடித்தது ஏரியல்தான். ஆனால் ஆற்றில் பாய் விரித்து ஓட முடியாது, நீராவி இழுவைப் படகுதான் கடல்வரை இழுத்துவர வேண்டும். ஏரியலுக்கு வாய்த்த படகுக்கு வலு போதவில்லை. முகத்துவார மணல்திட்டைத் தாண்டும் முன்பே ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், வடிந்துவிட்டது. ஏரியல் நங்கூரம் போட்டுக் காத்திருக்க, பின்னால் வந்த ஃபயரி கிராஸ் என்ற கிளிப்பர் பக்கத்திலேயே கடந்து போய்விட்டது! மே 30 அன்று ஏரியல் கடலுக்குள் இறங்கும்போது டெய்பிங்கும் செரிகா என்ற கிளிப்பரும் கூடவே இருந்தன. இந்த மூன்றுமே ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில், ராபர்ட் ஸ்டீல் பட்டறையில் கட்டப்பட்டவை.

சுந்தா நீரிணை, இந்தியப் பெருங்கடல், நன்னம்பிக்கை முனை, அட்லாண்டிக் என்று ஓடி, ஃபயரி கிராஸை முந்தி, டீலுக்கு முதலில் வந்தது ஏரியல். அங்கேயும் இழுவைப் படகுதான் காலை வாரியது. டெய்பிங்குக்கு வலுவான படகு கிடைத்து அது தேம்ஸில் முன்னேறிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு ஏரியல் தான் போக வேண்டிய கிழக்கிந்தியத் துறையின் கதவுக்கு வந்தது. ஓதம் ஏறாமல் கதவு திறக்காது. டெய்பிங் போக வேண்டிய லண்டன் துறை இன்னும் தொலைவு. ஆனாலும் அது தண்ணீரில் அவ்வளவு ஆழமாக அமிழவில்லை. அதனால் குறைந்த தண்ணீரே போதும் என்று 9:47க்கே உள்ளே நுழைந்துவிட்டது. ஏரியல் நுழைந்தது 10:15க்கு. செரிகா 11:30க்கு.

வழக்குப் போட்டால் வணிகர்கள் யாருக்குமே பணம் தராமல் போகலாம் என்று பயந்து, இரு முதலாளிகளும் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் ஜெயித்தது ஏரியல்தான். கடலில் முந்தியவனுக்குத்தான் பரிசு! நீங்கள் யார் பக்கம்? கமெண்டில் சொல்லுங்கள்.

இன்னொன்று. அதே ஃபூசௌவிலிருந்து இவற்றுக்கு அப்புறம் கிளம்பிய எர்ல் கிங் என்ற நீராவிக் கப்பல் இரண்டு வாரம் முன்னதாகவே லண்டன் வந்துவிட்டது. 1869 நவம்பர் 17இல் சூயஸ் கால்வாயும் திறந்தது. நீராவிக் கப்பலுக்கு அது குறுக்கு வழி. ஆனால் அந்த வழியில் வரும் செங்கடலின் காற்று பாய்மரத்துக்குச் சரிப்படாது. கிளிப்பர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். கால்வாய் திறந்த ஐந்தாம் நாள், தேயிலைக்கென்றே உருவாக்கிய ‘கட்டி சார்க்’ என்ற கிளிப்பர் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் தண்ணீரில் இறங்கியது!

தேயிலை கைவிட்டுப் போனதும் அது ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றப் போனது. 1889 ஜூலையில் ஒரு இரவு, ஆஸ்திரேலியக் கரையோரம் பிரிட்டானியா என்ற புது நீராவிக் கப்பலையே முந்தியது. நீராவிக் கப்பலின் குறிப்பேட்டிலேயே அது பதிவாகியிருக்கிறது. லண்டன் போனால் கிரீனிச்சில் கட்டி சார்க்கின் அடியில் நடந்து அதன் செம்புக் கலவைத் தகட்டை அண்ணாந்து பாருங்கள்.