ரின் எரித்த தீவு

நண்பர்களே, வணக்கம். இருண்ட மிகுபுனைவு, அதாவது கொடுமைகள் நிறைந்த மந்திரக் கதை என்றாலே, ரத்தத்தைக் காட்டி விற்கிறார்கள் என்று ஒரு புகார் எழும். ஆர். எஃப். குவாங் 2018-ல் எழுதிய ‘தி பாப்பி வார்’ நாவலைப் பற்றியும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அந்த நாவலில் தெய்வங்களும் மந்திரமும்தான் கற்பனை. கொடுமைகளில் பல, சீன மண்ணில் நடந்தவை.

நாவலின் நாயகி ரின் ஒரு போர் அநாதை. அபின் கடத்தும் வீட்டில் வளர்ந்தவள், தேர்வெழுதி ராணுவக் கல்லூரிக்குப் போகிறாள். அதுவரை பள்ளிக்கூடக் கதைதான். அப்புறம் போர் வருகிறது, கோலின் நீஸ் என்ற நகரம் அழிகிறது. நிஜத்தில் அது சீனாவின் நான்ஜிங் நகரம். 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியப் படை அந்நகரைப் பிடித்தது. கொலையும் வல்லுறவும் ஆறு வாரங்கள் நீடித்தன. கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்றது போர்க்குற்றங்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயம். 3 லட்சம் என்கிறது சீன அரசு. மனிதர்களை உயிரோடு வைத்துச் சோதனை செய்யும் கூடம் ஒன்று நாவலில் வருகிறதே, அதற்கும் மூலம் உண்டு: வடகிழக்குச் சீனாவில் ஹார்பின் நகரத்தின் அருகே இயங்கிய ஜப்பானின் 731-ஆம் படைப்பிரிவு.

எதிரி செய்ததை மட்டும் எழுதியிருந்தால் இதை ஒரு தேசபக்திக் கதை என்று வைத்துவிடலாம். 1938 ஜூனில் என்ன நடந்தது? ஜப்பானியரைத் தடுக்க, அன்றைய சீன அரசின் தலைவர் ஷியாங் கை ஷேக்கின் படையே ஹுவாயுவான்கோ என்ற இடத்தில் மஞ்சள் நதியின் கரையை உடைத்துவிட்டது. ஊர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. ஹெனான், அன்ஹுய், ஜியாங்சு மாகாணங்களில் வெள்ளம் புகுந்தது. அதிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். ஜப்பானியர் குண்டு போட்டு உடைத்தார்கள் என்று முதலில் அரசு சொன்னது. நதி பழைய பாதைக்குத் திரும்பியது 1947-ல்தான். குவாங்கின் நாவலிலும் அணை உடைகிறது, சொந்த மக்கள்தான் மூழ்குகிறார்கள்.

இந்த எழுத்தை நான் மதிப்பது ரின்னுக்காகத்தான். கோலின் நீஸைப் பார்த்த கண்ணோடு அவள் தெய்வத்தை அழைக்கிறாள், எதிரியின் தீவை முழுவதுமாக எரிக்கிறாள். அங்கே படைவீரர்கள் மட்டுமா இருந்தார்கள்? குழந்தைகளும் இருந்தார்கள். அவள் கோபம் நியாயமானது என்று நூற்றுக்கணக்கான பக்கங்களாக நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அந்தத் தீயில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் ஆசிரியர். எந்த இடத்தில் அவளைத் தடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

ரின்னின் பாதைக்கு மாவோவின் வாழ்க்கையே முன்மாதிரி என்று குவாங் சொல்லியிருக்கிறார். முதல் நாவலோடு நிறுத்தியவர்கள் அதனால்தான் 2020-ல் வந்த மூன்றாம் பாகமான ‘தி பர்னிங் காட்’ வரை போக வேண்டும். அங்கே ரின் ஒரு மக்கள் படையின் தலைவி. எதிரில் நிற்பது சொந்த நாட்டுக்காரர்கள், அவள் வென்ற ஊர்களில் அரிசி இல்லை.