வாசல்ல நிக்குற காத்து

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், பாளையங்கோட்டையிலருந்து இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்க தலைமையாசிரியர் ஐயாவுக்கும், பந்தலும் மைக்செட்டும் போட்டுத் தந்த வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிமாருக்கும், கைப்புள்ளையோட முன்வரிசையில இருக்க தாய்மாருக்கும் வணக்கம்.

பியூஷன் கரண்ட், அதாவது அணுவை ஒண்ணாச் சேத்து எடுக்குத கரண்ட் பத்தி மூணு விஷயம் சொல்ல வந்தேன், எரிபொருள் எது, இதுவரைக்கும் என்ன எடுத்திருக்காவ, எப்ப வரும். கூடங்குளத்துல யுரேனிய அணுவைப் பிளக்காவ, இதுல டியூட்டீரியம், ட்ரிட்டியம்னு ரெண்டு வகை ஹைட்ரஜனை ஒண்ணாச் சேக்கணும், அதுக்கு 15 கோடி டிகிரி சூடு வேணும். டியூட்டீரியம் நம்ம உவரிக் கடல் தண்ணியிலயே கிடக்கு, ட்ரிட்டியத்தை லித்தியத்துலருந்து ஆக்கணும். 2022 டிசம்பர் 5 அன்னைக்கு அமெரிக்காவுல லேசர் அடிச்சு இந்த ஹைட்ரஜனைச் சேத்து, 2.05 மெகாஜூல் சக்தி குடுத்து 3.15 எடுத்துட்டாவ, பெரிய சாதனைதான், ஆனா அந்த லேசரை ஓட்ட கரண்ட் லைன்லருந்து இழுத்தது 300 மெகாஜூல் கிட்ட! பிரான்சுல இந்தியாவும் கூட்டாளியாச் சேந்து கட்டுத ஐட்டர்ங்குற பியூஷன் உலையில ட்ரிட்டியம் போட்டு ஓட்டுதது 2039னு சொல்லுதாவ, அதுவும் சோதனைக்குத்தான், ஒரு பல்பு எரிக்கக்கூட கரண்ட் தராது.

வேண்டாம்னு நான் சொல்லல, காத்தும் வெயிலும் இல்லாத நேரத்துல ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நிக்காம கரண்ட் குடுக்க ஒண்ணு வேணும், பியூஷன் வரட்டும். ஆனா எங்க ஆச்சி சொல்லுவா, வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதல.

போன ஆடியில பழவூர்ப் பக்கம் எங்க சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஏத்தன் வாழை குலை தள்ளியிருக்கு, மத்தியானக் காத்து முட்டுக்கம்பையே சாய்க்கு, துண்டைத் தலையில கட்டினா பறந்துபோவுது, அந்தக் காத்துல வேலிக்கு அந்தப் பக்கம் நாலு காத்தாடி ரெக்கை திரும்பாம சும்மா நிக்கு! வாட்ச்மேன்ட்ட கேட்டா, "கிரிட்டு, அதான் கரண்ட் கொண்டுபோற லைன், தாங்காதாம் சார், நிப்பாட்டச் சொல்லிட்டாவ"ங்கான். சரின்னு வந்துட்டோம். அன்னைக்கு ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் இல்ல, மோட்டார் நின்னுபோச்சு, நாலு வரிசைக்குத்தான் தண்ணி பாஞ்சுது, மிச்ச வாழை வாடிக் கிடக்கு, சித்தப்பா டார்ச் லைட்டை அடிச்சு வரப்புல உக்காந்துட்டாவ, ஒரு வார்த்தை பேசல. மத்தியானம் வீணாப் போன காத்தைச் சேத்து வைக்க ஒரு பேட்டரி இருந்திருந்தா? வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுததுன்னா இதுதான.

ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து 2039 வரைக்கும் காத்திருக்காது. காத்தாடிப் பண்ணை பக்கத்துலயே பேட்டரி நிலையம் கேட்டு மனு எழுதியிருக்கேன், மேடைக்கு வலப்பக்கம் மேசையில இருக்கு, விவசாயிங்க எல்லாரும் சர்வே நம்பர் போட்டு கையெழுத்துப் போடுங்க, பேனா நானே வச்சிருக்கேன்.