தேரும் முட்டுக்கட்டையும்
(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரையைச் சுருக்கமாக முடித்து எனக்கு ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுத்த நூலகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, பின்வரிசையில் கைப்பேசிக்கும் எனக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஐரோப்பிய அரசுகள் செயற்கை நுண்ணறிவுக்குக் கொள்கை வகுத்த கதையைப் பேசச் சொன்னார்கள். பணம், சட்டம், மொழி என்று மூன்று தலைப்பாகப் பிரித்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

முதலில் வடத்தைத் தொட்டது பின்லாந்து. 2017 மே மாதம் ஒரு வழிகாட்டுக் குழு போட்டார்கள். நோக்கியாவின் முன்னாள் தலைவர்களில் ஒருவரான பெக்கா அலா-பியெட்டிலா அதற்குத் தலைவர். அக்டோபரில் முதல் அறிக்கை வந்துவிட்டது. 2018 மார்ச்சில் பிரான்ஸ். கணிதத்தில் பீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய செட்ரிக் வில்லானி அறிக்கை கொடுத்தார். மறுநாளே அதிபர் மக்ரோன் 2022 வரைக்கும் 150 கோடி யூரோ என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனி, 2025 வரைக்கும் 300 கோடி. இரண்டு ஆண்டு கழித்து அதை 500 கோடியாக உயர்த்தியது.

ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் தேர் நிலையை விட்டு நகராது. அதனால் 2018 ஏப்ரல் 10 அன்று 25 நாடுகள் ஓர் ஒத்துழைப்புப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ‘ஒருங்கிணைந்த திட்டம்’ ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு கொள்கை எழுத வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து ஆண்டுக்கு 2,000 கோடி யூரோ முதலீடு என்ற நிலைக்குப் போக வேண்டும். இவை இரண்டும் அதன் சாரம்.

நடந்தது என்ன? பல நாடுகள் கெடுவைத் தவறவிட்டன. 2024 மே மாதம் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் ஓர் அறிக்கை போட்டது. ஆணையத்துக்கும் உறுப்பு நாடுகளுக்கும் நடுவே ஒருங்கிணைப்புப் போதவில்லை, முதலீட்டு இலக்கில் எந்த நாட்டின் பங்கு எவ்வளவு என்பதே தெளிவாக இல்லை என்று எழுதிவிட்டார்கள். கோயில் நன்கொடைச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் போட்டு, வீட்டுக்கு எவ்வளவு என்று போடாமல் விட்டால் எவர் கொடுப்பார்? பணத்தைப் பற்றி விரிவாகப் பிறகு வருகிறேன்.

சட்டத்துக்கு வருவோம். தேரோட்டத்தில் சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை என்றாலே தடை என்று நமக்குப் பொருள் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் வீதி முனையில் தேரைத் திருப்புவதே அந்தக் கட்டைதான். வடம் பிடிக்கிறவர்களுக்கு நேரே இழுக்கத்தான் முடியும்.

கட்டை இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்கிறவர்களைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு கணினி மாதிரியை வைத்திருந்தது. விண்ணப்பதாரர் டச்சுக் குடிமகனா இல்லையா என்பதும் அதில் ஒரு கூறு. ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாகச் சித்திரிக்கப்பட்டு, பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவையே பதவி விலகியது. அதற்குப் பிறகுதான், எந்த அலுவலகம் எந்த அல்காரிதத்தை, அதாவது கணினி முடிவெடுக்கும் வழிமுறையை, எதற்குப் பயன்படுத்துகிறது என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய தேசியப் பதிவேடு வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், சுருக்கமாக ஏஐ சட்டம், 2024 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்தது. குடிமக்களுக்கு நடத்தை மதிப்பெண் போடுவது, பள்ளியிலும் வேலையிடத்திலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பது போன்றவை 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மீறினால் மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் 7 சதவீதம், எது அதிகமோ அது அபராதம். சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் பொதுப்பயன் மாதிரிகளை பிரஸ்ஸல்ஸில் உள்ள ஏஐ அலுவலகம் பார்த்துக்கொள்ளும். மற்றதற்கெல்லாம் அந்தந்த நாட்டில் ஒரு கண்காணிப்பு அமைப்பு வேண்டும். நாட்டுக்கொரு பிரதிநிதி உட்காரும் வாரியம் இவர்களை இணைக்கும்.

அந்தக் கண்காணிப்பு அமைப்பின் பெயரைக் கொடுக்கக் கெடு 2025 ஆகஸ்ட் 2. அன்றைக்குப் பல நாடுகளின் கட்டம் காலி! ஸ்பெயின் 2023லேயே லா கொருன்யா நகரில் இதற்கென்றே தனி முகமை அமைத்துவிட்டது. அயர்லாந்து கண்காணிப்பு வேலையை ஏற்கெனவே இருக்கிற துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஜெர்மனியில் 2024 நவம்பரில் கூட்டணி உடைந்து, தேர்தல் வந்து, மசோதா தங்கிவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. உயர் ஆபத்துள்ளது என்று சட்டம் வகைப்படுத்தும் மென்பொருளை எந்த அளவுகோலால் சோதிப்பது என்ற தர நிர்ணயங்கள் உரிய காலத்தில் எழுதி முடியவில்லை. படிக்கல் வராமல் தராசுக்காரர் எப்படி எடை போடுவார்? 2026 ஆகஸ்டில் தொடங்க வேண்டிய அந்த விதிகளைத் தள்ளிவைக்கலாம் என்று ஆணையமே 2025 நவம்பரில் முன்மொழிந்தது.

சட்டம் என்று பேசி உங்களைத் தூங்கவைக்க விருப்பமில்லை. ஒரு பேய்க்கதை சொல்கிறேன். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நல்லது.

எஸ்டோனியா. பதின்மூன்று லட்சம் பேர் வாழும் நாடு. அவர்கள் நாட்டார் கதைகளில் ‘க்ராட்’ என்று ஒரு பூதம் உண்டு. வைக்கோல், உடைந்த கருவி, வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் சேர்த்து எசமானே அதைக் கட்டுவான். பிறகு நாற்சந்திக்குப் போய்ச் சாத்தானுக்கு மூன்று சொட்டு ரத்தம் கொடுத்தால் பூதத்துக்கு உயிர் வரும். சில கெட்டிக்காரர்கள் ரத்தத்துக்குப் பதில் கருந்திராட்சை போன்ற ஒரு பழத்தின் சாற்றை விட்டுச் சாத்தானையே ஏமாற்றிவிடுவார்களாம். கலப்படம் நமக்கு மட்டுமே சொந்தமான கலை என்று நினைக்காதீர்கள்! உயிர் வந்த பூதம் எசமான் சொன்னதையெல்லாம் செய்யும். பக்கத்து வீட்டுத் தானியத்தை அள்ளிக்கொண்டு வரும். ஆனால் அதற்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் எசமான் மீதே பாயும். நம் ஊரில் வேலை வேலை என்று நச்சரித்த பூதத்திடம் நாய்வாலை நிமிர்த்தச் சொன்ன கதை நினைவுக்கு வருகிறதா? அங்கேயும் அப்படித்தான். தொல்லை தாங்காமல், “ரொட்டியால் ஓர் ஏணி செய்” என்பான் எசமான். செய்ய முடியாமல் திணறித் திணறி, கடைசியில் பூதம் தீப்பற்றி எரிந்துபோகும்.

அந்த நாட்டு அரசு 2019இல் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை எழுதியபோது, இந்தப் பூதத்தின் பெயரையே தொழில்நுட்பத்துக்குச் சூட்டியது. சட்ட விவாதத்துக்குப் பெயர் ‘க்ராட் சட்டம்’. அரசு சேவைகளுக்கான உரையாடல் உதவியாளருக்குப் பெயர் ‘பியூரோக்ராட்’. இது ஏவல் செய்யும், ஏமாந்தால் கடிக்கும் என்பதை அந்த நாட்டுப் பாட்டிக்கும் விளக்கத் தேவையில்லை.

வேலையும் கொடுத்தார்கள். மானியம் வாங்கும் விவசாயி புல்வெளியை உரிய காலத்தில் வெட்டினாரா என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒரு க்ராட் பார்க்கிறது. அதிகாரி வயல் வயலாகப் போக வேண்டியதில்லை, சந்தேகம் வந்த இடத்துக்குப் போனால் போதும். இன்னொன்று ‘ஹான்ஸ்’: நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பேசப் பேச எழுத்தாக்கித் தருவது. ஆள் திருத்தி வெளியிடுகிறார்.

ஹான்ஸுக்கு எஸ்டோனிய மொழி எப்படிக் காதில் ஏறியது? நான் இன்று பேச வந்ததே இதைத்தான். கேட்ட பேச்சும் அதற்கு நேரான எழுத்தும் நிறைய இருந்தால்தான் இயந்திரம் ஒரு மொழியை நன்றாகப் பிடிக்கும். பெரிய நிறுவனம் சின்ன மொழிக்கு அதைப் பெரும்பாலும் தானாகச் செய்யாது, சந்தை சின்னது. அரசுதான் செய்ய வேண்டும். 2012இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 30 மொழிகளை எடைபோட்டு, குறைந்தது 21 மொழிகள் மின்னுலகில் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த அச்சமும் இன்றைய ஏற்பாடுகளுக்கு ஒரு வித்து. பின்லாந்து தன் இலவச ஏஐ பாடத்தை ஒன்றியத்தின் எல்லா அதிகாரபூர்வ மொழிகளிலும் தருவதாக 2019இல் அறிவித்தது, அவை 24. மொழித் தொழில்நுட்பத்துக்கென உறுப்பு நாடுகள் சேர்ந்து 2024இல் தொடங்கிய கூட்டமைப்பின் தலைமையகம் பிரான்சின் வில்லே-கோத்ரே ஊரில். 1539இல் அரசு ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று மன்னர் ஆணையிட்ட அதே ஊர்! இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுக்கலாம்.

ஐஸ்லாந்து ஒன்றியத்தில் இல்லை. நாலு லட்சம் பேர்கூட நிறையாத நாடு. மக்கள் கைப்பேசியில் வாக்கியங்களை வாசித்துக் குரல் கொடையாகத் தந்தார்கள். 2023இல் சாட்ஜிபிடியின் அடியில் இருந்த ஜிபிடி-4 மாதிரிக்கு ஐஸ்லாந்து மொழியைப் பழக்க 40 தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதில்களைத் திருத்தினார்கள். பின்லாந்தில் பொது ஒலிபரப்பு நிறுவனமும் பல்கலைக்கழகமும் ‘பேச்சைத் தானம் கொடுங்கள்’ என்று கேட்டன. அதில் எழுதி வைத்ததை வாசிக்கச் சொல்லவில்லை, வட்டார வழக்கில் சும்மா பேசச் சொன்னார்கள். காரணம், வாசிப்புக் குரலில் பழகிய இயந்திரம் சந்தைக்கடைப் பேச்சில் தடுமாறும். இந்த ஒரு நுணுக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பை மட்டும் சேர்த்து வைத்தால் நாளைக்கு நெல்லைப் பாட்டி மருத்துவமனைத் திரையிடம் பேசினால் அதற்கு ஒன்றும் விளங்காது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்கிறேன். நம் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. அவற்றுக்கு நேரான ஒலிப்பதிவு எவ்வளவு கையிருப்பில் இருக்கிறதோ, அவ்வளவையும் நேரக் குறியீட்டோடு, எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று ஒரு மனு தயாரித்திருக்கிறோம். குரல் கொடுத்தவர் பின்னால் வேண்டாம் என்றால் நீக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும் என்று மூன்றாவது பத்தியில் கேட்டிருக்கிறோம்.

தலைவர் ஐயா இரண்டாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். பணம் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். அது அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது, பேனா நூலகர் ஐயாவிடம் இருக்கிறது. வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.