பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போடலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

அடுத்த கேள்வி, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா அனுப்பியது. கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் 2016-இல் வாங்கிய மேசைக் கணினி இருக்கிறது. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்ப் பசியாறிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். கடையில் காட்டினால், "இந்த மதர்போர்டில் எம் டூ கிடையாது, எஸ்எஸ்டி போட முடியாது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். "பையன் படிவம் மூன்று படிக்கிறான், பள்ளி வேலைக்குத்தான் கணினி. வீட்டுப் படங்கள் எல்லாம் இதில்தான் கிடக்கின்றன. என்ன செய்யட்டும் தம்பி?" என்று கேட்கிறார்.

போடலாம் அக்கா, தாராளமாகப் போடலாம். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் டிரைவ், தரவை மெமரி சில்லில் வைத்துக்கொள்ளும். எம் டூ இல்லை என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எம் டூ என்பது ஒரு வடிவம், அவ்வளவுதான். சூயிங் கம் பட்டை போல 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் போர்டில் படுத்திருக்குமே, அது. எஸ்எஸ்டி இன்னொரு வடிவத்திலும் வருகிறது. இரண்டரை அங்குலப் பெட்டி, சாட்டா கேபிள். இப்போது உங்கள் ஹார்ட் டிஸ்க் எந்தக் கேபிளில் மாட்டியிருக்கிறதோ, அதே வகைக் கேபிளில் இதுவும் மாட்டும். 2016 கணினியில் சாட்டா இல்லாமல் இருக்கவே இருக்காது.

ஆனால் காசை எடுத்து வைக்கும் முன் ஒன்று பாருங்கள். கணினி எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். அது 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு, சிபியு, அதாவது கணினியின் செயலி, சும்மா 10, 15 என்று இருந்தால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி போட்டால் தீரும். டிஸ்க் அமைதியாக இருந்து சிபியு முட்டிக்கொண்டு நின்றால் எஸ்எஸ்டி போட்டும் பெரிய பயன் இல்லை. வீடியோ எடிட்டிங் வேகமாகும், கேம் ஓடும் என்றெல்லாம் நினைத்துப் போட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுபவர்கள் இந்த இரண்டாவது வகை. நீங்கள் சொன்ன அறிகுறியைப் பார்த்தால் முதல் வகை போலத்தான் தெரிகிறது.

ஏன் இந்த 100 விழுக்காடு? மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் கீழே வரும்வரை காத்திருந்து, ஒரு சின்னக் கோப்பைப் படிக்கச் சராசரியாக 12 மில்லி செகண்டாவது ஆகும். அப்படியானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பதை ஒரு நொடியில் 80 தடவை போலத்தான் எடுத்துக் கொடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது அப்படிச் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் கேட்கிறது. கூடவே வைரஸ் தடுப்பு, அப்டேட், வாட்ஸ்அப் எல்லாம் அதே நேரத்தில் வரிசையில் நிற்கின்றன. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. காத்திருப்பு ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குதான்.

இது புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். கடையில் பெட்டிமேல் 550 என்றும் 3,500 என்றும் 7,000 என்றும் போட்டிருக்கும். ஒரு நொடிக்கு இத்தனை எம்பி என்று கணக்கு. சாட்டா ஏறக்குறைய 550-க்கு மேல் போகாது, எம் டூ வடிவத்தில் வரும் வேகமான வகையான என்விஎம்இ பல ஆயிரம் போகும். பெரிய வீடியோக் கோப்பை நகலெடுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். பள்ளிப் பாடம் தட்டவும் யூடியூப் பார்க்கவும் தெரியாது, ஏனென்றால் உங்கள் சிக்கல் அந்தக் காத்திருப்பில் இருந்தது, அதை சாட்டாவே தீர்த்துவிடுகிறது. "அட்டாப்டர் கார்டு போட்டு என்விஎம்இ மாட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய போர்டுகளில் சில, அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அளவு 500 ஜிபி போதும். மாட்டியதும் விண்டோஸில் 465 ஜிபி என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

ஆயுளைப் பற்றி எப்போதும் ஒரு பயம் உண்டு, "எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே" என்று. தேயும், உண்மைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு உத்தரவாதம் ஐந்து வருடம் அல்லது 300 டிபி எழுதும்வரை, எது முதலில் வருகிறதோ அது. தினமும் 20 ஜிபி எழுதினால்கூட 300 டிபியைத் தொட நாற்பது வருடம் ஆகும். உங்கள் பையன் தினமும் 20 ஜிபி எழுதப்போவதில்லை.

ஆன்லைனில் "16 டிபி எஸ்எஸ்டி" என்று கோழிச் சோறு விலைக்குப் போட்டிருப்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது, ஒரு சின்ன போர்டில் கைப்பேசிக்குப் போடும் மெமரி கார்டு. 16 டிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். நீங்கள் நகலெடுக்கும்போது எல்லாம் போய்ச் சேர்ந்ததுபோலவே தெரியும். உண்மையான இடம் நிரம்பியபின் புதிய படம் பழைய படத்தின்மேல் ஏறும், திறந்து பார்க்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். ஏஐ தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து நல்ல எஸ்எஸ்டி விலையே ஏறியிருக்கிறது, இந்த நேரத்தில் யாரும் சும்மா கொடுக்கமாட்டார்கள். பினாங்கில் கொம்தார் பக்கம் பிராங்கின் மாலிலோ, கேஎல் போனால் லோ யாட்டிலோ, உள்ளூர் முகவரின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா கேபிள் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

இடையில் ஒன்று. டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018-இல் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 முடிவுக்குள் மூடுவதாக அறிவித்தபோது, பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்குவதாகவும் சேர்த்தே சொன்னது. மெமரி சில்லு தயாரிக்கும் மைக்ரானும் பத்து காவானில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தான் அக்கா, உங்கள் தாமானிலேயே யாராவது அங்கே ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

சரி, படங்கள். இதில்தான் நிதானம் வேண்டும். ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருப்பதற்கு வயது மட்டும் காரணமாக இல்லாமல், அது சாகக் கிடப்பதும் காரணமாக இருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. போட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் நலம் என்று காட்டினால் நல்லது. மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் டிஸ்க்கில் சில இடங்கள் படிக்க முடியாமல் போக ஆரம்பித்துவிட்டன என்று பொருள். அப்போது குளோன் போடக் கூடாது. குளோன் என்பது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை டிஸ்க்கை இழுத்துப் படிக்கும் வேலை, பலவீனமான டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே விழுந்துவிடும். முதலில் படங்களை மட்டும் வேறொரு டிரைவுக்கு எடுத்துவிடுங்கள், மற்றது எல்லாம் பிறகு.

நலமாக இருந்தாலும் நான் குளோனைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவதையே சொல்வேன். இத்தனை வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் தூக்கிப் போகவேண்டும்? 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், மைக்ரோசாப்ட் தளத்திலேயே கருவி இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறியதால் அது போகாது.

விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். கட்டாயம். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் தன்னை எஸ்எஸ்டியில் போட்டுக்கொண்டு, தொடங்குவதற்கான சின்னப் பகுதியை மட்டும் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிடும் சந்தர்ப்பம் உண்டு. எல்லாம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழுந்திருக்காது, எஸ்எஸ்டி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். கழற்றி வைத்தால் படங்கள்மேல் தவறுதலாக ஃபார்மட் போடும் ஆபத்தும் இல்லை. திருகாணி வேலை சின்னதுதான், பையனே செய்யட்டும். மின்சாரத்தை அடியோடு பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடச் சொல்லுங்கள். கேபிள் முனை எல் வடிவத்தில் இருக்கும், தலைகீழாக ஏறாது, அழுத்தி உடைக்க வேண்டாம்.

இப்போது கசப்பான விஷயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையான ஆதரவு, உங்களுடையது ஆறு. குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளை படிக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன். அந்த அப்டேட்டும் நின்றபின் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள் என்பேன், 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் அது நன்றாகவே ஓடும், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் பிரவுசரில்தானே திறக்கிறது. அதனால் இந்தக் கணினிக்கு எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று மேலே காசைக் கொட்டாதீர்கள். பின்னாளில் புது மேசைக் கணினி வாங்கினால் இதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், அந்தப் பணம் வீண் இல்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் அதைப் படங்களுக்கான இன்னொரு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி என்றுதான் சொன்னேன், அது மட்டுமே போதாது. எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம், நம் ஊர் இடிமின்னலுக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியில் மாட்ட யுஎஸ்பி பெட்டி வாங்கும்போது மட்டும் கவனம் அக்கா, உங்களுடையது மூன்றரை அங்குல டிஸ்க். அதற்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும், சுவரில் செருகும் அட்டாப்டரோடு வரும் பெட்டியாகக் கேளுங்கள். மடிக்கணினி டிஸ்க்குக்கான மலிவுப் பெட்டியில் அது உள்ளேகூடப் போகாது.